புதுப் பதிப்பு வந்தால் பழைய உழைப்பு என்ன ஆகும்?

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ந் தேதி.

அன்று "ஃபால்அவுட்: லண்டன்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வெளிவருவதாக இருந்தது. இங்கிலாந்தின் காவல் புனிதரான செயின்ட் ஜார்ஜின் திருநாள் அது. லண்டன் நகரத்தைப் பற்றிய விளையாட்டுக்கு அதைவிட நல்ல நாள் ஏது?

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யவில்லை. எல்லோரும் தொண்டர்கள். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் போக மீந்த நேரத்தில் உட்கார்ந்து, பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தார்கள். லண்டன் தெருக்களையும் பாலங்களையும் பாதாள ரெயில் நிலையங்களையும் கம்ப்யூட்டரில் கட்டி எழுப்பினார்கள்.

ஆனால், அன்று அது வெளிவரவில்லை!

காரணம் என்ன? "ஃபால்அவுட்: லண்டன்" தனித்து நிற்கும் விளையாட்டு அல்ல. "ஃபால்அவுட் 4" என்ற அமெரிக்க விளையாட்டின் மேல் கட்டப்பட்டது. அந்த அமெரிக்க விளையாட்டு 2015-ல் வந்தது. வந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அதன் சொந்தக்காரர்களான பெதஸ்டா கம்பெனியார், "ஏப்ரல் 25-ந் தேதி இந்த விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வருகிறது" என்று அறிவித்தார்கள். அந்த மாதம்தான் அதே கற்பனை உலகத்தில் நடக்கும் டெலிவிஷன் தொடர் வந்து உலகமெங்கும் பேச்சாக இருந்தது. விற்பனைக்கு ஏற்ற சமயம்!

23-ந் தேதி வெளியிட்டால் 25-ந் தேதி உடைந்துபோகும். லண்டன் கோஷ்டியினர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வெளியீடு தள்ளிப்போயிற்று. மூன்று மாதம் கழித்து ஜூலை 25-ந் தேதிதான் வெளிவந்தது. அதுவும் எப்படி? புதுப் பதிப்பின் மேல் அல்ல. மாறுவதற்கு முந்திய பழைய பதிப்பின் மேல்! "லண்டனை விளையாட வேண்டுமானால், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள விளையாட்டை முதலில் பழையதாக்கிக் கொள்ளுங்கள்" என்று ரசிகர்களுக்கு வழி சொல்ல வேண்டியதாயிற்று.

பல ஆண்டு உழைப்பை ஒரே ஓர் அறிவிப்பு மூன்று மாதம் முடக்கிப் போட்டது. இது சரியா?

மோட் என்றால் என்ன?

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் வழக்கு புரியும்.

கம்ப்யூட்டர் விளையாட்டை ஒரு கம்பெனி செய்து விற்கிறது. ஜனங்கள் வாங்கி விளையாடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு விளையாடினால் மட்டும் போதுவதில்லை. "இந்த ஊருக்கு வடக்கே ஒரு மலை இருந்தால் நன்றாயிருக்குமே! இந்தக் கடைக்காரருக்கு ஒரு மகள் இருந்து, அவளுக்கு ஒரு கதை இருந்தால்?" என்று நினைக்கிறார்கள். நினைப்பதோடு நிற்காமல், தாங்களே நிரல் எழுதி விளையாட்டோடு சேர்க்கிறார்கள். நிரல் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளை. இப்படி வெளியார் சேர்க்கும் சேர்க்கைக்கு "மோட்" என்று பெயர். பெரும்பாலான மோட்களுக்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒட்டு மாங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். வேர் ஒரு மரத்தினுடையது. கிளை வேறு மரத்தினுடையது. பழம் தருவது கிளை, தாங்குவது வேர். மோட் என்பதும் ஒட்டுக் கிளைதான். வேர்க்காரர் ஒரு நாள் வந்து, "வேரை மாற்றுகிறேன்" என்றால் கிளை என்ன ஆகும்?

இதெல்லாம் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். "கவுன்டர் ஸ்டிரைக்" என்ற புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு முதலில் ஒரு மோட்தான். "ஹாஃப் லைஃப்" என்ற விளையாட்டின் மேல், கனடாவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மின் லே என்ற வாலிபரும் ஜெஸ் கிளிஃப் என்ற அமெரிக்கரும் சேர்ந்து 1999-ல் அதைச் செய்தார்கள். மறு ஆண்டே வால்வ் கம்பெனி அதைத் தன் சரக்காக்கிக் கடைக்குக் கொண்டுவந்தது.

"டோட்டா" என்ற விளையாட்டும் அப்படியே. "வார்கிராஃப்ட் 3" விளையாட்டின் மேல் ரசிகர்கள் போட்ட ஒட்டு அது. அதன் வாரிசான "டோட்டா 2"-க்கு 2021-ல் ருமேனியாவில் ஒரு பந்தயம் நடந்தது. மொத்தப் பரிசு எவ்வளவு தெரியுமா? 4 கோடி டாலர்! ரசிகன் வைத்த கிளையில் காய்த்த பழம்!

பழைய எண், புதிய எண்

சரி, விளையாட்டைக் கம்பெனி மாற்றினால் மோட் ஏன் உடைய வேண்டும்? இதற்கு "ஸ்கைரிம்" என்ற விளையாட்டின் கதையைக் கேட்டால் போதும்.

ஸ்கைரிமும் பெதஸ்டா கம்பெனியின் சரக்கே. 2011-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி வந்தது. பனி மலையும் பறக்கும் நாகமும் நிறைந்த உலகம். அதற்கு ரசிகர்கள் எழுதிய மோட்கள் ஆயிரம் ஆயிரம். அவற்றில் பலவற்றுக்கு அடித்தளம் "எஸ்.கே.எஸ்.இ." என்ற ஒரே ஒரு மோட். கம்பெனி பூட்டி வைத்த அறைகளுக்குள்ளேயும் மற்ற மோட்கள் போய்வர அது வாசல் திறந்து விடுகிறது. அதைப் பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர்.

விளையாட்டின் நிரல் ஒரு பெரிய ஊர் மாதிரி. அதில் லட்சக்கணக்கான வீடுகள். கதவைத் திறக்கும் வேலையை ஒரு வீடு செய்கிறது. வாளை வீசும் வேலையை இன்னொரு வீடு செய்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். வெளியார் எழுதிய மோட், "இத்தனையாம் எண் வீட்டுக்குப் போ, வாள் வீசுகிறவரைக் கூப்பிடு" என்று சொல்கிறது.

கம்பெனி புதுப் பதிப்பு போடும்போது என்ன ஆகிறது? இடையில் நாலு வீடு புதிதாக முளைக்கிறது. அவ்வளவுதான்! ஊரில் எல்லா வீட்டின் எண்ணும் மாறிப்போகிறது. மோட் பழைய எண்ணைத் தேடிப் போகிறது. அங்கே வாள் வீசுகிறவர் இல்லை, விளக்கேற்றுகிறவர் இருக்கிறார். விளையாட்டு அப்படியே சுருண்டு விழுகிறது!

சென்னையில் பல வீட்டு வாசலில் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று இரண்டு எண்ணும் எழுதியிருக்கும் அல்லவா? தபால்காரர் பிழைத்தார். ஸ்கைரிம் ரசிகர் ஒருவரும் அதே யோசனையைச் செய்தார். ஒவ்வொரு பதிப்பிலும் எந்த வீடு எந்த எண்ணுக்குப் போயிற்று என்று ஒரு பெரிய பட்டியல் போட்டார். "அட்ரஸ் லைப்ரரி" என்று அதற்குப் பெயர். மோட் எழுதுகிறவர்கள் எண்ணை நேரே எழுதாமல் இந்தப் பட்டியலைப் பார்த்துக் கேட்கும்படி எழுதினார்கள். அதன் பிறகு சின்னச் சின்ன மாற்றங்களில் மோட்கள் தப்பின. ஒரு தனி ஆளின் பொறுமை எத்தனை பேர் உழைப்பைக் காப்பாற்றியது, பாருங்கள்!

பெரிய மாற்றம் வந்தபோது அதுவும் போதவில்லை. 2016 அக்டோபரில் கம்பெனி ஸ்கைரிமை அஸ்திவாரத்தோடு மாற்றியது. 32 பிட் விளையாட்டு 64 பிட் விளையாட்டாயிற்று. கம்ப்யூட்டரின் நினைவகத்தை நிறையப் பயன்படுத்த அது வசதி. நல்ல மாற்றம்தான். ஆனால் எஸ்.கே.எஸ்.இ.யைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அது மறு ஆண்டில்தான் கைக்கு வந்தது. அதுவரையில், அதை நம்பியிருந்த மோட்கள் எல்லாம் வாசலில் காத்துக் கிடந்தன.

மறுபடியும் 2021 நவம்பர் 11-ந் தேதி. விளையாட்டுக்குப் பத்தாவது பிறந்த நாள். கொண்டாட்டத்துக்காகப் புதுப் பதிப்பு! இந்தத் தடவை கம்பெனி தன் பட்டறைக் கருவியையே மாற்றியிருந்தது. எழுதிய நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் கருவி அது. கருவி மாறினால் ஊரின் அமைப்பே மாறும். "பலர் நினைப்பதைவிட இது பெரிய இடி" என்று எஸ்.கே.எஸ்.இ. எழுதுகிறவர் முன்கூட்டியே எச்சரித்தார். அப்படியே நடந்தது. எண் பட்டியலைக்கூடப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. புதுப் பதிப்பு வேண்டாம் என்று பழைய பதிப்புக்குத் திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

கம்பெனிக்குப் பிறந்த நாள். மோட் எழுதியவர்களுக்குக் கண் விழிப்பு!

ஃபால்அவுட் 4-க்கும் 2025 நவம்பர் 10-ந் தேதி பத்தாவது பிறந்த நாள் வந்தது. அன்றும் புதுப் பதிப்பு வந்தது. அன்றும் மோட்கள் உடைந்தன. ஒரு தடவை நடந்தால் தவறுதல் எனலாம். திரும்பத் திரும்ப நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

"எப்போது வரும்?"

விளையாடுகிறவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் ஒரு பெண், இரண்டு ஆண்டாக ஓர் உலகத்தில் விளையாடி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் விளையாட்டில் நூறு மோட் இருக்கிறது. அவளுடைய வீடு, தோட்டம், தோழன், குதிரை எல்லாம் அந்த மோட்களில்தான். இரவு தூங்கப் போகிறாள். தூங்கும்போது கம்ப்யூட்டர் தானாகவே புதுப் பதிப்பை இறக்கி வைத்துவிடுகிறது. காலையில் திறந்தால் உலகம் திறக்கவில்லை!

அவளைக் கேட்காமல் மாற்றலாமா? "ஸ்டீம்" என்ற பெரிய விளையாட்டுக் கடையில் வாங்கினால் இப்படித்தான். தானாக வரும் மாற்றத்தைத் தள்ளிப்போடலாம். அடியோடு நிறுத்த அங்கே வசதி இல்லை. விளையாட்டைத் திறக்கப் போனால் "முதலில் மாற்று" என்கிறது.

அவளுக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் யார் மேல் பாய்கிறது? கம்பெனி மேல் அல்ல. கம்பெனி தூரத்தில் இருக்கிறது. மோட் எழுதியவர் கிட்டத்தில் இருக்கிறார். "எப்போது சரி செய்வாய்?" "இன்னுமா ஆகவில்லை?" "செய்ய முடியாவிட்டால் ஏன் எழுதினாய்?" ஒருவர் கேட்டால் பரவாயில்லை. ஒரே நாளில் ஆயிரம் பேர் கேட்டால்?

அவர் நிலையை யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா? 2011-ல் பதினெட்டு வயதில் ஆசையாக ஒரு மோட் எழுதியவருக்கு, 2021-ல் இருபத்தெட்டு வயது. உத்தியோகம் இருக்கும். கைக்குழந்தை இருக்கலாம். அந்த விளையாட்டை அவர் விளையாடுவதையே நிறுத்தியிருக்கலாம். எழுதும்போது இருந்த இன்பம் பராமரிக்கும்போது இருப்பதில்லை. எழுதுவது கலியாணம் மாதிரி. ஊர் கூடிக் கை தட்டும். பராமரிப்பது அன்றாடச் சமையல் மாதிரி. நன்றாக இருந்தால் யாரும் பேச மாட்டார்கள். உப்பு குறைந்தால்தான் பேச்சு வரும்.

அதிலும் ஒரு சங்கடம். மோட்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. அடியில் இருப்பதைச் சரி செய்தால்தான் அதற்கு மேலே உள்ளவர் தம் வேலையைத் தொடங்கவே முடியும். அடுப்பு பற்றினால்தானே உலை கொதிக்கும்? மேலே இருக்கிறவரிடம் போய் அவசரப்படுத்தி என்ன பயன்? பாவம், அவரும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்!

கம்பெனிக்கும் ஒரு நியாயம் உண்டு

"அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டச் சொன்னது யார்? நிலத்துக்காரன் உழத்தான் செய்வான்" என்று சிலர் கேட்கிறார்கள். சட்டப்படி இந்தக் கேள்வியில் தப்பில்லை. விளையாட்டு கம்பெனியின் சொத்து.

மாற்றாமல் இருக்கவும் முடியாது. 2021 டிசம்பரில் நடந்ததைச் சொல்லலாம். "மைன்கிராஃப்ட்" என்பது உலகத்தில் மிக அதிகமாக விற்ற விளையாட்டு. 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அது பயன்படுத்திய "லாக் ஃபோர் ஜே" என்ற ஒரு சிறு நிரல் துணுக்கில் பெரிய ஓட்டை இருப்பது அப்போது தெரிய வந்தது. விளையாட்டுக்குள் சிலர் பேசிக்கொள்ளும் இடத்தில் ஒரே ஒரு வரியை எழுதி, அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்துவிடலாம்! அந்தச் சமயத்தில், "மோட் உடையும், பொறுங்கள்" என்று எந்தக் கம்பெனியாவது காத்திருக்க முடியுமா? உடனே அடைத்தார்கள். அடைத்ததுதான் சரி.

ஆனால் அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் புதிய பதிப்பை மட்டும் அடைத்துவிட்டுப் போகவில்லை. பழைய பதிப்புகளில் விளையாடுகிறவர்களுக்கும் ஓட்டையை அடைக்க வழி தந்தார்கள். பழைய பதிப்பில் லட்சக்கணக்கானவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மோட்களுக்காகத்தான்!

ஆகவே மாற்றுவது குற்றம் அல்ல. சொல்லாமல் மாற்றுவதும், பழையதைப் பறித்துக்கொள்வதும்தான் குற்றம். மோட் இருப்பதால்தான் பத்து ஆண்டு ஆன விளையாட்டை இன்னும் புதிதாக ஆட்கள் வாங்குகிறார்கள். அந்தக் காசு கம்பெனிப் பெட்டிக்குத்தான் போகிறது. பழத்தில் பங்கு உண்டென்றால் கிளையைப் பற்றிக் கவலையும் வேண்டும்.

பணம் கொடுத்தால் தீருமா?

"சும்மா செய்வதால்தான் இந்தத் தொல்லை. மோட்டுக்கு விலை வைத்துவிட்டால்?" என்று ஒரு யோசனை வந்தது. வால்வும் பெதஸ்டாவும் சேர்ந்து 2015 ஏப்ரல் 23-ந் தேதி ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்க ஏற்பாடு செய்தன. எழுதியவருக்கு நூற்றுக்கு 25. மீதி 75-ஐ இரண்டு கம்பெனிகளும் பிரித்துக்கொள்ளும். நல்ல பங்கீடு!

ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். நாலே நாளில், 27-ந் தேதி, திட்டம் கைவிடப்பட்டது.

பங்கு குறைவு என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. விலை ஒரு தடவைதான் வரும். விளையாட்டோ வருடா வருடம் மாறும். அடுத்த ஆண்டு மோட் உடைந்தால் சரி செய்வது யார் பொறுப்பு? எழுதியவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் வாங்கியவர்களுக்குக் கிடைத்த யோசனை. காசு வாங்கும் கடையில் இரண்டு கம்பெனியும் உண்டு. கண் விழிக்கும் இரவில் இரண்டும் இல்லை! பராமரிப்பைப் பற்றி நினைக்காத எந்த விலைத் திட்டமும் இப்படித்தான் முடியும்.

ஒழுங்காக நடப்பவர்களும் உண்டு

கனடாவில் செய்யப்படும் "ரிம்வேர்ல்டு" என்ற விளையாட்டைப் பாருங்கள். வேற்றுக் கிரகத்தில் விழுந்தவர்கள் ஓர் ஊரைக் கட்டி வாழும் கதை. அதன் 1.6-ம் பதிப்பு 2025 ஜூலை 11-ந் தேதி வந்தது. ஆனால் ஜூன் மாதமே அதை ஒத்திகைப் பதிப்பாகத் திறந்து விட்டார்கள். மோட் எழுதுகிறவர்களுக்கு ஒரு மாத அவகாசம்! யாரும் அலற வேண்டியதில்லை.

அது மட்டுமா? அந்த விளையாட்டில் ஒரே மோட்டுக்குள் "1.4", "1.5", "1.6" என்று பதிப்புக்கு ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு தனக்குரிய பெட்டியைத் தானே திறந்து எடுத்துக்கொள்ளும். புதுப் பதிப்பு பிடிக்காதவர், பழைய பதிப்பைக் கடையிலேயே தேர்ந்தெடுத்து விளையாடலாம். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செய்ய மனம் இருந்தது, செய்தார்கள்.

அமெரிக்காவில் எரிக் பரோன் என்ற தனி மனிதர் செய்தது "ஸ்டார்டியூ வேலி". தாத்தா விட்டுப்போன பண்ணையை ஒரு பேரப்பிள்ளை திருத்தி வாழும் விளையாட்டு. 2016-ல் வந்தது. குழந்தைகள் முதல் பாட்டிமார்கள் வரை விளையாடுகிறார்கள். அதன் 1.6-ம் பதிப்பு 2024 மார்ச் 19-ந் தேதி வந்தபோது, மோட் எழுதுவதையே சுலபமாக்கும் மாற்றங்கள் அதில் நிறைய இருந்தன. உள்ளே என்னென்ன மாறிற்று, எழுதுகிறவர்கள் எந்த வரியை எப்படித் திருத்த வேண்டும் என்பதெல்லாம் விளையாட்டின் தகவல் ஏட்டிலேயே விவரமாகக் கிடைத்தது. எண் மாறினால் பட்டியல் கையில் இருக்கிறது!

இந்த விளையாட்டின் மோட்களுக்கும் "ஸ்மாபி" என்று ஓர் அடித்தளம் உண்டு. அது ஒரு கெட்டிக்கார ஏற்பாடு. பழைய மோட் ஒன்று உள்ளே வரும்போது, அதில் காலாவதியான வரிகளைக் கண்டுபிடித்து, தன்னால் முடிந்தவற்றைத் தானே திருத்தி ஓட வைக்கிறது. எழுதியவர் எங்கோ இருந்தாலும் மோட் ஓடுகிறது.

ஸ்மாபியைத் தொடங்கியவர்கள் வேறு; பிற்பாடு பொறுப்பேற்றுப் பல ஆண்டாகக் காத்து வருகிறவர் வேறு. இது எப்படி முடிந்தது? அதன் நிரல் யாரும் படிக்கும்படி, யாரும் திருத்தும்படி திறந்திருந்தது. ஆகவே கை மாறிற்று, சாகவில்லை. எழுதியவர் போய்விட்ட மற்ற மோட்கள் சிலவற்றையும் இப்படியே அடுத்தவர்கள் திருத்தி, "இது எழுதியவர் வெளியிட்டது அல்ல" என்று குறிப்புப் போட்டு ரசிகர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

மோட் எழுதுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சிலர் நிரலைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். "என் உழைப்பு, என் இஷ்டம்" என்கிறார்கள். அதுவும் உரிமைதான். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவர் எழுதியது அடுத்த பதிப்போடு செத்துப்போகிறது. நம்பியிருந்தவர்கள் தெருவில் நிற்கிறார்கள். பூட்டுகிறவர் போகும்போதாவது சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகக்கூடாதா?

பெயரை மறைத்த விளையாட்டு

மைன்கிராஃப்டின் கதை இன்னும் விசித்திரமானது. 2009-ல் சுவீடனில் பிறந்தது. அதை நடத்திய மோயாங் கம்பெனியை 2014-ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது.

அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருந்தது. கம்பளி என்றால் 35. சிவப்புக் கம்பளி என்றால் 35-க்குள் 14. மோட் எழுதியவர்கள் எல்லோரும் இந்த எண்களை வைத்து எழுதினார்கள். 2018 ஜூலையில் வந்த 1.13-ம் பதிப்பில் கம்பெனி எண்களை எடுத்துவிட்டுப் பெயர்களை வைத்தது. "சிவப்புக் கம்பளி" என்றே எழுத வேண்டும். நெடுநாளைக்கு அதுதான் நல்லது. எண்ணுக்குப் பஞ்சம் வராது. ஆனால் மோட்களை ஏறக்குறையப் புதிதாகவே எழுத வேண்டியதாயிற்று. பலர் "எங்களால் ஆகாது" என்று 1.12.2-ம் பதிப்பிலேயே நின்றுவிட்டார்கள். 2014-ல் வந்த 1.7.10-ம் பதிப்பின் மேல் இன்றும் புதுப்புது வேலை செய்கிற கூட்டமும் இருக்கிறது!

நிற்க முடிந்தது எதனால்? மைன்கிராஃப்டில் எந்தப் பழைய பதிப்பையும் வாங்கியவர் தாமே தேர்ந்தெடுத்துத் திறக்கலாம். கம்பெனி பறித்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு வசதி இருந்தால் பாதிச் சண்டை இல்லை.

ஆனால் இதே கம்பெனி வேறொரு விதத்தில் பல ஆண்டு தொல்லை கொடுத்தது. விளையாட்டை வெளியிடும்போது நிரலில் உள்ள பெயர்களை எல்லாம் அழித்து "a", "b", "c" என்று மாற்றி வெளியிட்டது. பிறர் காப்பி அடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பதிப்புக்குப் பதிப்பு அந்த எழுத்துக்களும் மாறும். நேற்று "a" என்பது ஆடு. இன்று "a" என்பது அடுப்பு! ரசிகர்கள் உட்கார்ந்து, எது ஆடு, எது அடுப்பு என்று ஒவ்வொன்றாக ஊகித்துப் பெயர்ப் பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் போட்டார்கள். வருடக்கணக்கில் போட்டார்கள். கம்பெனியின் அலமாரியில் உண்மைப் பட்டியல் தூங்கிக்கொண்டிருக்க, ஊரெல்லாம் விடுகதை அவிழ்த்துக்கொண்டிருந்தது!

2019-ல் கம்பெனி மனம் இரங்கி உண்மைப் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. 2025 அக்டோபரில் இன்னும் ஒரு படி போய், கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பில் இனிமேல் பெயர்களை மறைக்கவே போவதில்லை என்று அறிவித்தது. "ஃபேப்ரிக்" என்ற மோட் அமைப்பில், "யார்ன்" என்ற பெயர்ப் பட்டியலைத் தொண்டர்கள் பதிப்புக்குப் பதிப்பு தயாரித்து வந்தார்கள். மறைப்பு நீங்கிய பதிப்புகளுக்கு அதைத் தொடரப்போவதில்லை என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். இனி அந்த வேலைக்கு அவசியம் இல்லை.